கொடியில் நிற்கும் கோயிலும் குடிபெயர்ந்த ஊர்களும்

உலகத்துத் தேசியக் கொடிகளில் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும், சிங்கமும் கழுகும் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கிறோம். கோயிலைக் கொடியின் நடுவில் ஏற்றிப் பறக்கவிடும் நாடு எது என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது கம்போடியா. 1948-இல் வகுக்கப்பட்ட அந்நாட்டுக் கொடியில் அங்கோர்வாட் ஆலயத்தின் மூன்று கோபுரங்கள் வெண்ணிறத்தில் நின்றன. 1970-இல் அரசனை நீக்கிவிட்டுக் குடியரசு அமைத்தவர்கள் கொடியின் வர்ணங்களை இடம் மாற்றினார்களேயன்றிக் கோயிலை எடுக்கவில்லை. 1975-இல் அக்குடியரசைக் கவிழ்த்து, பணத்தையும் பள்ளிக்கூடத்தையும் சந்தையையும், முடிந்தால் குடும்பத்தையுங்கூட ஒழித்துவிடப் புறப்பட்ட போல்பாட்டின் கெமர்ரூஜ் கூட்டத்தார், பிக்ஷுக்களின் காவியுடையைக் களைந்த அதே கையால், செந்நிறத் துணியில் மஞ்சள் கோயிலைத் தீட்டினார்கள். 1979-இல் வியட்நாம் படையின் துணையோடு அவர்களை விரட்டியவர்கள் கோபுரங்களை ஐந்தாக்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் இடைக்கால நிர்வாகம் நடந்தபோது மட்டும் நாட்டின் வரைபடம் கோயிலின் இடத்தில் இருந்தது. 1993-இல் முடியாட்சி மீண்டபோது பழைய கொடியும் பழைய கோயிலும் திரும்பி வந்தன. ஒருவரையொருவர் வேரறுக்க முற்பட்ட கட்சிகளெல்லாம் தகராறின்றி ஒப்புக்கொண்ட பொருள் அந்த ஆலயம் ஒன்றே.

இவ்வொருமைப்பாட்டைப் பலர் வியந்து பாராட்டியிருக்கிறார்கள். ஒரு புராதனச் சின்னம் ஒரு ஜாதியை எப்படிக் கட்டிக் காக்கிறது என்பதற்கு அங்கோரையே திருஷ்டாந்தமாகச் சொல்வதும் உண்டு. அதை முழுவதும் மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால், அந்த ஆலயத்தைக் காப்பதன் பொருட்டே என்று சொல்லப்பட்டு, 2022-ஆம் ஆண்டு முதல் அதைச் சுற்றியிருந்த சுமார் பத்தாயிரம் குடும்பங்களைத் தம் வீடுகளைப் பிரித்துக்கொண்டு வேறிடம் செல்லும்படி அந்நாட்டு அரசாங்கம் ஏற்பாடு செய்ததை அறிந்த பிறகு, கோயிலைக் கொடியில் ஏற்றுகிற காரியத்துக்கும் குடிகளை அதன் நிழலிலிருந்து அகற்றுகிற காரியத்துக்கும் ஏதோ உட்தொடர்பு இருக்கவேண்டும் என்ற சந்தேகம் எனக்கு உண்டாயிற்று. அந்தச் சந்தேகத்தைப் பின்பற்றிப் போனால் நூற்றறுபது ஆண்டுக் கதை ஒன்று விரிகிறது.

அங்கோர்வாட் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் என்னும் கெமர் மன்னன் திருமாலுக்காக எழுப்பிய ஆலயம். அகழியின் அகலம் மட்டும் ஏறக்குறைய 190 மீட்டர். பதினைந்தாம் நூற்றாண்டில் அயோத்தியா நகரத்துச் சயாமியப் படைகள் வந்து தாக்கியபின் கெமர் அரசர்கள் தலைநகரைத் தெற்கே மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் காடு வந்து கோயிலை விழுங்கிவிட்டதென்றும், 1860-இல் ஆன்றி மூஓ என்ற பிரெஞ்சு யாத்திரிகர் அதைக் கண்டுபிடித்தாரென்றும் நம் பள்ளிப் புத்தகங்கள்வரை பரவியிருக்கும் கதையில் முன்பாதி அரை உண்மை, பின்பாதி பொய். அந்த யாத்திரிகருக்கு முன்பே ஐரோப்பியப் பாதிரிமார் அங்கே போயிருக்கிறார்கள். போர்த்துகீசியத் துறவி ஒருவர் 1586-இலேயே பார்த்துவிட்டுச் சென்றார். 1632-இல் ஒரு ஜப்பானியர் கடல் கடந்து வந்து புத்த விக்கிரகங்களைக் காணிக்கையாக்கி, தூண் ஒன்றில் மையினால் தம் யாத்திரையை எழுதி வைத்திருக்கிறார். அது இன்றும் இருக்கிறது. அக்காலத்து ஜப்பானியர் அந்த இடத்தைப் புத்தர் வாசம் செய்த ஜேதவனம் என்றே நம்பி, அதற்கு ஒரு வரைபடமும் எழுதிக்கொண்டார்கள். இவையெல்லாம் அயலார் சாட்சியங்கள். உள்நாட்டுச் சாட்சியமோ, பதினாறாம் நூற்றாண்டில் ஆங் சான் என்ற அரசன் முற்றுப்பெறாது நின்ற சிற்பச் சுவர்களைச் செதுக்கி முடித்ததும், அதற்கடுத்த தலைமுறைகள் ஆயிரம் புத்தர் மண்டபம் என்றழைத்த பகுதியில் தம் பிரார்த்தனைகளைக் கல்வெட்டாகப் பொறித்ததும் ஆகும். வைஷ்ணவ ஆலயம் பௌத்த விகாரமாயிற்றேயொழிய வழிபாடு நிற்கவில்லை. மேற்கு வாயிலில் நிற்கும் எட்டுக் கரத்துத் திருமாலுக்கு ஊர்மக்கள் காவித் துணி சாத்தி, தா ரீச் என்று பெயரிட்டு, ஊர்க்காவல் தெய்வமாகவே இன்றும் பூஜை செய்கிறார்கள்.

அந்தப் பிரெஞ்சுக்காரர், இதைக் கட்டியது யார் என்று அங்கிருந்தவர்களைக் கேட்டபோது, தேவராஜனான இந்திரன் என்றும், அசுரர்கள் என்றும், தானே உண்டாயிற்று என்றும் பலவாறாக விடை வந்ததாக எழுதிவைத்தார். அதைப் படித்த ஐரோப்பிய வாசகர்கள், தம் முன்னோரின் கைத்திறனையே மறந்துவிட்ட ஒரு வீழ்ந்த ஜாதி இது என்று முடிவு கட்டினார்கள். பூதங்கள் ஒரே இரவில் கட்டிவிட்டுக் கோழி கூவியதும் ஓடிப்போன கோயில் என்று நம் நாட்டில் எத்தனை ஊர்களில் சொல்லுகிறார்கள்! சொல்லுகிறவர்களே அக்கோயிலுக்குத் தேர் இழுக்கிறார்கள், நெல் அளக்கிறார்கள், வழக்கும் ஆடுகிறார்கள். கர்த்தாவின் பெயர் தெரியாமலிருப்பது வேறு, காரியத்தை மறப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்போல் நடந்துகொள்வதில் அன்றைய பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு ஓர் அனுகூலம் இருந்தது. மறந்தவனுடைய சொத்துக்கு நினைவுள்ளவன் பாதுகாவலன் ஆகலாமல்லவா? 1863-இல் கம்போடியா பிரெஞ்சுப் பாதுகாப்புக்குள் வந்தது. அங்கோர் இருந்த சியெம்ரீப் பிரதேசமோ அப்போது சயாமின் வசம் இருந்தது. சயாம் தோற்ற இடம் என்று பொருள் சொல்லப்படும் ஊர், நூறாண்டுக்கு மேல் சயாமின் கையிலேயே இருந்ததைச் சரித்திரத்தின் பரிகாசம் என்றுதான் சொல்லவேண்டும்.

சயாம் மன்னர் மோங்குட்டும் அங்கோரைத் தமதாக்கிக்கொள்ளும் ஆசையில் பின்தங்கவில்லை. அங்கோரிலிருந்த தாப்ரோம் ஆலயத்தைக் கல் கல்லாகப் பிரித்துத் தம் நாட்டுக்குக் கொண்டுவரும்படி அவர் ஆட்களை அனுப்பினார். வேலை தொடங்கியதும் காட்டிலிருந்து வந்தவர்கள் தாக்கி, தலைமை அதிகாரியைக் கொன்றுவிட்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது, அதற்குப் பதிலாக அங்கோர்வாட்டின் சிறிய மாதிரி ஒன்று பாங்காக் அரண்மனை வளாகத்தில் அமைக்கப்பட்டது. இன்றும் சுற்றுலாப் பிரயாணிகள் அதன் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1907-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர் அந்தப் பிரதேசத்தைச் சயாமிடமிருந்து பெற்றார்கள். அவர்களும் 1931-இல் பாரீஸில் நடந்த காலனிப் பொருட்காட்சியில் அங்கோர்வாட்டின் நடுப்பகுதியை அசல் அளவிலேயே எழுப்பிக் காட்டினார்கள். ஒருவர் சுண்ணாம்பில் சிறியதாகவும் மற்றவர் வெளிவேஷப் பூச்சில் பெரியதாகவும் செய்துகொண்டார்களேயன்றி இரண்டின் தாத்பரியமும் ஒன்றே.

ஆயினும் நியாயத்தை விட்டுவிடலாகாது. 1908-இல் நிறுவப்பட்ட அங்கோர்ப் பாதுகாப்பு அலுவலகத்தின் முதல் தலைவரான கொம்மாய், தொழிலாளர்களுக்குக் கூலிப் பணம் கொண்டுபோகையில் கள்வரால் கொல்லப்பட்டார். பின்வந்த ஆன்றி மார்ஷல் ஜாவாவுக்குப் போய், சரிந்த ஆலயத்தின் கற்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, தன்னிடத்தில் தானே பொருந்துமாறு மறுபடி அடுக்கும் முறையை டச்சு நிபுணர்களிடம் கற்றுவந்து, பந்தியாய் ஸ்ரெய் என்னும் சிறிய சிவாலயத்தை 1931 முதல் 1936 வரை பாடுபட்டு நிறுத்தினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அதே ஆலயத்தின் தேவதைச் சிலைகளை வாளால் அறுத்துக் கடத்த முயன்று பிடிபட்டவர், பிற்காலத்தில் பிரான்ஸின் கலாசார மந்திரியாக விளங்கிய ஆந்திரே மால்ரோ! களவுக்கும் காவலுக்கும் ஆட்கள் ஒரே தேசத்திலிருந்து வந்தார்கள். இத்தனை உழைப்பின் நடுவே செய்யப்பட்ட ஒரு சிறு காரியத்தை மட்டும் இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன். அங்கோர்வாட்டின் முன்வெளியில், நடைபாதையை ஒட்டி, பிக்ஷுக்களின் குடில்கள் இருந்தன. அவை முகப்பின் அழகை மறைக்கின்றன என்று கருதி ஓரமாக ஒதுக்கினார்கள். 1925-இல் அந்தப் பிரதேசமே தொல்பொருள் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வழிபடுகிறவன் விலகினால் காட்சி தெளிவாகும் என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்த வித்து.

சுதந்திர வேட்கை பிறந்த காலத்தில் கம்போடிய வாலிபர்கள், பிரெஞ்சுக்காரர் தீட்டிய இந்தச் சித்திரத்தைக் கிழித்தெறிந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அதையே தம் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். 1936-இல் தொடங்கிய முதல் கெமர்மொழிச் செய்தித்தாளுக்கு அவர்கள் இட்ட பெயர் நகரவத்தம், அதாவது அங்கோர்வாட். நகரம் என்னும் வடசொல்லே கெமர் நாவில் நொகோர் என்றும் அங்கோர் என்றும் திரிந்தது. 1953-இல் விடுதலை கிடைத்தபின் தலைநகரான நாம்பென்னில் வான் மொலிவான் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த விடுதலை ஸ்தூபியும் அங்கோர்க் கோபுரத்தின் தாமரை வடிவிலேயே எழுந்தது. எங்கள் முன்னோர் மகாசிற்பிகள், நாங்கள் வீழ்ந்தோம், மறுபடி எழுவோம் என்ற மூன்றடித் தேசியக் கதை, பிரெஞ்சுக்காரர் எழுதிக்கொடுத்த முதல் இரண்டடியோடு மூன்றாவதைச் சேர்த்துப் பாடியதுதான். கல்லூரியிலும் பணத்தாளிலும் பீர் புட்டியிலும் ஒரே கோயில் நின்றது. நடுவிலுள்ள நானூறு ஆண்டுகள், அதாவது அரசர்கள் போனபின் குடியானவர்களும் பிக்ஷுக்களும் அந்த இடத்தை வைத்துக் காத்த நானூறு ஆண்டுகள், அந்தக் கதையில் வீழ்ச்சி என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போயின.

அந்தக் கதை எவ்வளவு பயங்கரமான கைகளிலும் பொருந்தும் என்பதைப் போல்பாட்டின் காலம் காட்டியது. அங்கோரைக் கட்டிய மக்களால் முடியாதது ஒன்றுமில்லை என்பதே அவ்வாட்சியின் கொள்கைப் பிரசாரம். அங்கோரின் பெருமைக்கு அதன் ஏரிகளும் கால்வாய்களுமே காரணம் என்று தொல்லியலறிஞர்கள் எழுதியிருந்த ஒரு சித்தாந்தத்தைக் கட்டளையாக மாற்றி, பட்டணங்களைக் காலி செய்து, டாக்டரையும் வாத்தியாரையும் மண்வெட்டியோடு வயலுக்கு ஓட்டி, ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் விளைய வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கால்வாய் வெட்டினவர்கள் கால்வாய்க் கரையிலேயே புதைந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை மக்கள் மாண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. ஆலயத்தை அவர்கள் இடிக்கவில்லை. பழம்பெருமையின்மீது பக்தி இருந்தால் நிகழ்காலத்தின்மீது கருணை தானாக வரும் என்று நம்புகிறவர்கள் இந்த உண்மையை எங்கே வைப்பார்களோ, நான் அறியேன்.

பழைய சயாமாகிய தாய்லாந்தோடு வந்த சச்சரவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தாங்ரேக் மலை விளிம்பிலுள்ள பிரெயா விஹியர் சிவாலயம் யாருக்கு என்ற வழக்கில், ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் 1962-இல் ஒன்பதுக்கு மூன்று என்ற வாக்கில் கம்போடியாவுக்கே தீர்ப்பளித்தது. அது முடியவில்லை. 2008-இல் அவ்வாலயம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் இரு தரப்புப் படைகளும் எதிரெதிரே வந்து நின்றன; மூன்றாண்டு அங்கே துப்பாக்கி ஓயவில்லை. பட்டியலில் சேர்ப்பது பாதுகாக்கவென்றுதான் நினைத்திருந்தோம்! அதற்கு முன்னே, 2003 ஜனவரியில், தாய்லாந்து நடிகை ஒருவர் அங்கோர்வாட் தம் நாட்டுக்குரியது என்று சொன்னதாக ஒரு வதந்தி எழுந்து, நாம்பென்னிலிருந்த தாய்லாந்துத் தூதரகம் எரிந்தது. அவர் அப்படிச் சொல்லவேயில்லை. 2025 ஜூலையில் தா மோன் தோம் என்னும் எல்லைக் கோயிலருகே தொடங்கிய சண்டை ஐந்து நாள் நீடித்து, லட்சக்கணக்கானோரை இரு நாடுகளிலும் வீடு துறந்து ஓடச் செய்தது. சிவனுக்கெனக் கட்டிய கோயில்களின் பெயரால், சிவனை அறியாத இரு பௌத்த நாடுகள் பொருதுகின்றன.

நாமும் இந்த வியாபாரத்தில் பங்கு கேட்காமலில்லை. அங்கோர்வாட்டைக் கட்டியவன் தமிழன் என்று கைபேசியில் வலம்வரும் செய்திகளை எனக்கு அனுப்பாத நண்பர்கள் குறைவு. கெமர் எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்தது என்பது உண்மை. கம்போஜ அரசன் இராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்று அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்லுகிறது. முதற் குலோத்துங்கனுக்கு அந்நாட்டரசன் காட்சிப் பொருளாகத் தந்த கல்லைச் சிதம்பரத்தில் பதித்த செய்தியும் கல்வெட்டில் உண்டு. நட்புக்குச் சாட்சி இவை. உரிமைக்குச் சாட்சி ஆகமாட்டா. தேர் அனுப்பியவன் சிற்றரசன் என்றும், எழுத்தைக் கற்றவன் கைகட்டி நின்றவன் என்றும் நினைக்கிற மனோபாவம், பாரீஸில் பொய்க்கோயில் எழுப்பியவர்களின் மனோபாவத்துக்குச் சகோதரமுறை. உதவி செய்யப் போனபோதும் நமக்கு முழு நற்பெயர் கிடைக்கவில்லை: உலகம் பெரும்பாலும் கம்போடியாவைப் புறக்கணித்திருந்த காலத்தில், 1986-இலிருந்து 1993 வரை நம் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையார் துணிந்து சென்று அங்கோர்வாட்டில் பணி செய்தார்கள், அந்தத் துணிவைப் பாராட்டவேண்டும், ஆனால் ரசாயனங்களும் தூரிகையும் கொண்டு கல்லைத் தேய்த்துக் கழுவியதைப் பல நாட்டு நிபுணர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். நான் பிறந்த ஊர்ச் சிவன் கோயிலில் கும்பாபிஷேகத்துக்காக மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தவர்கள், அதன்மேல் பளபளப்பான ஓடுகளையும் பதித்துவிட்டுப் போனார்கள். பால்யத்தில் நான் விரல் வைத்துத் தடவிப் படித்த கல்வெட்டு எந்த ஓட்டின் பின்னால் இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஆதலால் கம்போடியருக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு அதிகமில்லை.

அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளத்தக்க ஒரு காரியம் இருக்கிறது. அது பாபுவன் ஆலயத்தின் கதை. பதினோராம் நூற்றாண்டில் சிவனுக்காக எழுந்த அந்த மலைக்கோயில், உள்ளே மணலை நிரப்பி வெளியே கல்லைப் போர்த்திக் கட்டப்பட்டது. மழை நீர் புகுந்த மணல் கல்லைத் தள்ளத் தள்ள, காலகதியில் சரிந்துகொண்டே வந்தது. 1960-களில் பிரெஞ்சு நிபுணர்கள் அதை முழுவதும் பிரித்து, ஏறக்குறைய மூன்று லட்சம் கற்களைச் சுற்றியிருந்த காட்டில் எண்ணிட்டுப் பரப்பி வைத்தார்கள். எந்தக் கல் எங்கே என்ற கணக்கு ஏடுகளில் இருந்தது. யுத்தம் வந்தது, வேலை நின்றது, கெமர்ரூஜ் காலத்தில் ஏடுகள் அழிந்தன. கற்கள் காட்டில் கிடந்தன. சாந்து வைக்காமல் கல்லோடு கல்லை இழைத்துக் கட்டிய கோயில் ஆதலால் ஒரு கல்லுக்குரிய இடத்தில் மற்றொன்று உட்காராது. 1995-இல் மறுபடி வேலையைத் தொடங்கியவர்கள், பழைய புகைப்படங்களையும், முன்பு அந்த வேலையைச் செய்தவர்களின் ஞாபகத்தையும், உள்ளூர்க் கல்தச்சர்களின் கண்ணையும் துணைகொண்டு, பதினாறு ஆண்டுகள் பொறுமையாக உழைத்து, 2011-இல் ஆலயத்தை நிறுத்தினார்கள்.

இதில் நான் வியப்பது பொறுமையை அன்று. அக்கோயிலின் மேற்குப் புறத்தில், பதினாறாம் நூற்றாண்டினர், மேலிருந்த கோபுரக் கற்களையே இறக்கி, சுமார் எழுபது மீட்டர் நீளத்தில் புத்தர் பரிநிர்வாண சயனத்தில் இருக்கும் திருவுருவத்தை மதிலோடு மதிலாக அடுக்கியிருந்தார்கள். அசல் சிவாலயத்தைக் காண வேண்டுமானால் புத்தரைக் கலைக்கவேண்டும். புத்தரை வைத்துக்கொண்டால் கோபுரத்தைப் பூர்த்தி செய்யக் கற்கள் இல்லை. தேசத்தின் பொற்காலத்தை மட்டுமே பூஜிக்கிறவன் கையில் அந்த முடிவு இருந்திருந்தால், வீழ்ச்சிக் காலத்தின் ஒழுங்கற்ற அடுக்கு என்று சொல்லிப் புத்தரைப் பிரித்திருப்பான். பாபுவனில் அவ்வாறு செய்யவில்லை. கோபுரம் குறையாகவே இருக்கிறது. மேற்குச் சுவரில் புத்தர் கிடக்கிறார். சூரியன் சாயும் நேரத்தில் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கே, அதுவும் சற்று நேரம் பொறுத்துப் பார்ப்பவருக்கே, முகமும் தோளும் புலப்படுமாம். இரண்டு காலங்களையும் ஒரே சுவரில் இருக்கவிட்ட அந்தத் தீர்மானத்தைப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுடையதாகக் கருதுகிறேன்.

கல்லுக்குக் காட்டிய அந்த விவேகம் மனிதருக்குக் கிட்டவில்லை. 1992-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அங்கோர்ப் பூங்கா ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களும், லட்சத்துக்கு மேற்பட்ட குடிகளும் உண்டு. பயிர் செய்கிறவர்கள், மரத்தில் துளையிட்டு எண்ணெய்ப் பிசின் எடுக்கிறவர்கள், பாய் முடைகிறவர்கள், பனையேறிகள். 1995-இல் அமைந்த அப்ஸரா என்னும் அதிகார சபையின் ஆட்சியில் விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் ஒவ்வொன்றாகத் தடைகள் வந்தன. கூரையைப் பெரிதாக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. அதுவரை பொறுத்தவர்கள்மேல் 2022-இல் வந்தது இடப்பெயர்ச்சி. இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ருன் தா எக் என்ற இடத்தில் குடும்பத்துக்கு இருபதுக்கு முப்பது மீட்டர் மனை. எல்லோரும் மனமுவந்தே போகிறார்கள் என்றும், போகிறவர்கள் பிற்காலத்தில் சட்டவிரோதமாகக் குடியேறியவர்களே என்றும் அரசாங்கம் சொல்லிற்று; இல்லாவிடில் பட்டியலிலிருந்து அங்கோரின் பெயர் நீங்கிவிடும் என்றும் ஓர் அச்சம் பரப்பப்பட்டது. மறைமுக மிரட்டல் நடந்தது என்றும், போன இடத்தில் சாலையும் நீரும் சுகாதார வசதியும் போதவில்லை என்றும் 2023-இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கை வெளியிட்டது. இவ்வாறு அகற்றும்படி தாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை என்று யுனெஸ்கோ மறுத்தது. கேட்டதில்லை என்பது சரி, தடுத்ததும் இல்லை.

அரசாங்கத் தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். சுற்றுலாவால் பணம் புரளும் இடத்துக்கு நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுவது சகஜம். ஏரிக்கரையிலும் மதிலோரத்திலும் கடைகள் முளைத்தன. அவற்றை ஒழுங்கு செய்யவேண்டியதுதான். ஆனால் 2019-ஆம் ஆண்டில் மாத்திரம் சுமார் 22 லட்சம் அயல்நாட்டார் நுழைவுச் சீட்டு வாங்கிய ஸ்தலத்தில், கோயில் அஸ்திவாரத்து மணலைத் தாங்கிநிற்கும் நிலத்தடி நீரை உறிஞ்சுகிற ஹோட்டல்களைக் காட்டிலும், குடிசைக்குப் பின்னால் கிணறு வைத்திருப்பவன் பெரிய அபாயம் என்று தீர்மானித்தது எந்தத் துலாக்கோலால்? ஆண்டாண்டாக இருப்பவன் யார், நேற்று வந்தவன் யார் என்று பிரித்தறிய ஊர்ப் பெரியவர்களையும் விகாரையின் ஆசாரியரையும் வைத்து விசாரித்திருக்கலாம். பிரிக்காமல் விட்டது வசதிக்காக. பாதுகாக்கப்பட வேண்டிய பொருட்களின் ஜாபிதாவில் அகழியும் கோபுரமும் எழுதப்பட்டது போல், தா ரீச்சுக்கு ஊதுவத்தி ஏற்றுகிறவனின் குடியுரிமையும் சட்டத்தால் எழுதப்பட வேண்டும்; அவன் சம்மதமின்றி எல்லைக் கல் நடலாகாது; நட்டபின் நீதிமன்றத்துக்குப் போக அவனுக்கு வழி இருக்கவேண்டும். இது பாரம்பரியப் பட்டியல் தயாரிக்கும் சபைகளுக்கும் பொருந்தும். ஒரு ஸ்தலத்துக்கு அந்தஸ்து அளிக்கும்போது, அங்கே வாழ்பவர் பெயரால் ஓர் உத்தரவாதம் கேட்டு வாங்குவது அவர்களுக்கு இயலாத காரியமன்று.

கம்போடியாவின் தேசிய மரம் பனை. நம் தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுவே. அங்கோரைச் சுற்றிய வயல்களின் வரப்புகளில் பனை வரிசையாக நிற்கும். பிரெயா தாக் என்னும் ஊரில் சாலையோரத்து அடுப்புகளில் பதநீர் காய்ந்து வெல்லமாவதைச் சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கிறார்கள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. புதுமனையில் பனை நட்டவன் பாளை சீவ இருபது வருஷம் காத்திருக்க வேண்டும். வீட்டைப் பிரித்துப் பலகையையும் தூணையும் தகரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அவர்கள் அப்படித்தான் போனார்கள். பாட்டன் நட்ட பனைகள் பூங்காவுக்குள்ளேயே நிற்கின்றன, அகழித் தண்ணீரில் கோபுரத்தோடு சேர்ந்து அவற்றின் நிழலும் விழுகிறது. படம் எடுப்பவர்களுக்கு அதுவும் அழகாகத்தான் இருக்கும்.